பொறி விழாத டிக் மெஷின்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள், ஐந்தாவது என் நாத்தனார் விட்டுப்போன பெண். ஐந்து பேரும் இன்று அவரவர் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் இப்போது சொல்ல வந்தது பிள்ளைகளைப் பற்றி அல்ல, என் மருமகளின் வெல்டிங் மெஷினைப் பற்றி. போன தசராவின்போது அந்த மெஷின் எங்கள் எல்லோரையும் ஒரு வாரம் ஆட்டி வைத்தது.

நான் மைசூரில் என் கடைசி மகனோடு இருக்கிறேன். அவன் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறான். மருமகள் முன்பு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து தண்ணீர் குடிக்கவும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டிய வேலை. கழுத்து வலி என்று ஒரு நாள் வந்து உட்கார்ந்தவள், அப்புறம் போகவில்லை. பெண்களுக்கு வெல்டிங் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்க் கற்றுக்கொண்டு வந்தாள். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டியிருந்த கொட்டகையில் ஷட்டர் போட்டு, உள்ளதிலேயே விலை குறைந்த டிக் மெஷின் ஒன்றை வாங்கி வைத்தாள்.

டிக் மெஷின் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெருவில் கேட் ஒட்டுகிறார்களே, அது குச்சி வைத்து ஒட்டுவது. தீப்பொறி நாலாபக்கமும் தெறிக்கும், ஒட்டிய இடம் கரடுமுரடாக இருக்கும். டிக் அப்படியில்லை. பேனா பிடிப்பதுபோல் டார்ச்சைப் பிடிக்க வேண்டும். அதன் நுனியில் பென்சில்போல் சீவிய டங்ஸ்டன் கம்பி இருக்கும். பொத்தானை அமுக்கினால் முதலில் ஆர்கான் வாயு உஸ்ஸென்று வரும், பிறகு நுனியிலிருந்து ஒரு பொறி தானாகத் தாவி ஸ்டீலில் விழும். விழுந்ததும் தீ நிலைத்து நிற்கும். ஒட்டிய இடத்தை விரலால் தடவினால் இஸ்திரி போட்டு மடித்த துணிபோல் வழவழவென்று இருக்கும். சோற்றுப் பாத்திரம், பால் பாத்திரம் எல்லாம் இதில்தான் ஒட்ட வேண்டும்.

மகனுக்கு மட்டும் அந்த மெஷின் மேல் நம்பிக்கை வரவில்லை. "சீப்பா வாங்கினா சீப்பாத்தான் எரியும்" என்று போகும்போதும் வரும்போதும் சொல்வான். அவளும் விடமாட்டாள். "உங்க பஸ்ஸு மட்டும் என்ன ஏரோப்ளேனா? மேட்டுல ஏறறப்ப உள்ள இருக்கறவங்க இறங்கித் தள்றாங்களாமே."

இந்த நேரத்தில்தான் ஒரு நல்ல வேலை வந்தது. பக்கத்து ரோட்டில் மாணவர்களுக்கு மெஸ் நடத்தும் அம்மா, இட்லி வேகவைக்கப் பெரிய ஸ்டீல் பெட்டி ஒன்று கேட்டார். முதலில் ஒன்று செய்து காட்ட வேண்டும். அது ஒழுகாமல் இருந்தால் அவருக்கும் அவர் தங்கை மெஸ்ஸுக்கும் பெட்டி, தொட்டி, மேஜை எல்லாம் நாங்களே. தசரா முடிந்த திங்கட்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அதே வாரம் கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசரும் போன் பண்ணினாள். புதிய ஆர்டர் வருகிறதாம், பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். மருமகள் சட்டென்று முடியாது என்று சொல்லவில்லை. "திங்கக்கெழம சொல்றனுங் மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பொட்டி நல்லா வந்துச்சுன்னா இங்கயே இருந்துக்கறேன் அத்தை. வரலைன்னா மறுபடி காலரு தைக்கப் போயிர்றேன். இவரு வாயில விழுந்துட்டே இருக்க என்னால முடியாது."

அவள் கார்மெண்ட்ஸுக்குப் போன காலத்தில் சாப்பிட்ட கை காய்வதற்குள் தூங்கிவிடுவாள். கொட்டகைக்கு வந்த பிறகுதான் இந்த வீட்டில் அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. அது திரும்ப நின்றுவிடக் கூடாது என்று எனக்கு இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்கு ஆணி பிடுங்கும் சுத்தியல்கூடப் பொட்டு இல்லாமல் இருக்காது. நான் காலையிலேயே கல்லில் சந்தனம் அரைத்து வைத்தேன். கடைப் பொடியைக் கரைத்துப் பூசினால் காய்ந்து உதிர்ந்துவிடும், நான் அரைப்பது உதிராது. மகன் பஸ்ஸுக்கு மாலை போட்டு, பட்டை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு வந்தான். கையில் குழைத்த திருநீறு மிச்சம் இருந்தது. என்ன தோன்றியதோ, நேரே கொட்டகைக்குப் போனான்.

அந்த மெஷினின் முன்பக்கம் பார்க்க ஒரு முகம்போலத்தான் இருக்கும். கீழே இரண்டு பக்கமும் இரண்டு வட்டமான சாக்கெட். ஒன்றில் டார்ச் ஒயரைச் சொருக வேண்டும், மற்றதில் ஒட்டும் தகட்டைக் கவ்வும் எர்த் ஒயரை. பூஜைக்காக ஒயரையெல்லாம் கழற்றி வைத்திருந்ததால் இரண்டும் முழித்துப் பார்க்கிற கண்போல் இருந்தன. மகன் மூன்று விரலால் இந்தக் கண்ணில் ஆரம்பித்து அந்தக் கண்வரை நீளமாகப் பட்டை போட்டான். நடுவில் என் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"இப்ப பாரு, உன்ற மெஷினுக்கு களை வந்திருச்சு" என்றான்.

மருமகள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் அந்த மெஷினை முதல் தடவையாகக் கையால் தொட்டது அன்றைக்குத்தான்.

ஜம்பு சவாரி யானை ஊர்வலம் முடிந்து ஊர் கொஞ்சம் அடங்கியது. அவள் பெட்டி வேலையை ஆரம்பித்தாள். காலை முழுக்க கிரைண்டர் வைத்துத் தகட்டின் ஓரத்தைத் தேய்த்தாள். கொட்டகையில் கருப்புத் தூசி பறந்தது. மதியம் ஒயரையெல்லாம் திரும்பச் சொருகி ஒட்ட ஆரம்பித்தபோது மெஷின் நன்றாகத்தான் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பொறி தாமதமாக விழுந்தது. அப்புறம் நாலைந்து தடவை அமுக்கினால் ஒரு தடவை விழுந்தது. பொழுது சாய்வதற்குள் சுத்தமாக நின்றுவிட்டது. மின்விசிறி சுற்றுகிறது, ஆம்பியர் காட்டும் எண் எரிகிறது, வாயு உஸ்ஸென்று வருகிறது, பொறி மட்டும் இல்லை.

மகன் வேலை முடிந்து வந்து ஷட்டரில் சாய்ந்து நின்றான்.

"நான் சொன்னப்ப எல்லாரும் என்னைய மொறச்சீங்க."

"இப்பவும் மொறைப்போம். போய்க் காபி குடிங்க" என்றாள்.

அடுத்த நாள் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ராகி மில் இருக்கிறது. அது ஓடினால் எங்கள் வீட்டுப் பல்பு மங்கும். ஒருவேளை கரண்டு போதவில்லையோ என்று மில் நிற்கும்வரை காத்திருந்து போட்டுப் பார்த்தாள். பொறி இல்லை. டங்ஸ்டன் நுனியைப் புதிதாகச் சீவினாள். இல்லை. எர்த் கவ்வியின் பல்லைத் துருப்போகத் தேய்த்து, தகட்டையும் தேய்த்துப் பளபளவென்று கவ்வ வைத்தாள். இல்லை.

"டார்ச்சு சுவிச்சு போயிருக்குமாட்ட இருக்குதுங் அத்தை" என்றாள்.

"சுவிச்சு போனா கேஸு எப்படி வரும்?" என்று கேட்டேன். "நீ அமுக்கறப்பதான வருது? அப்ப உன்ற அமுக்கு மெஷினுக்குக் கேக்குது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இதில் ஒன்றும் படித்தவள் இல்லை. ஆனால் அடுப்படி தெரியும். கேஸ் வருகிறது, தீ பிடிக்கவில்லை என்றால் குழாயைப் பிரித்துப் பார்க்க மாட்டோம், லைட்டரைத்தான் பார்ப்போம்.

"அப்ப தீக்குச்சி பத்த வெச்சுப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டங்ஸ்டன் நுனியை ஸ்டீலில் லேசாக உரசினாள். தீ சட்டென்று பிடித்தது. ஆனால் உரசிய நுனி ஸ்டீலில் ஒட்டிக்கொண்டு உருண்டையாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இப்படி உரசி ஒட்ட முடியாது, இட்லிப் பெட்டியின் உள்பக்கம் கருப்புப் புள்ளி விழும். ஆனாலும் ஒன்று தெரிந்தது. தீ எரிவதற்கு வேண்டிய பலம் மெஷினில் இருக்கிறது. லைட்டர் வேலைதான் நடக்கவில்லை. அந்த லைட்டர் வேலைக்கு எச்.எஃப். என்று பெயர் என்றாள்.

தேவராஜ மொஹல்லாவில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் ஒருவருக்குப் போன் போட்டாள். இன்னும் கலையாத தசராக் கூட்டத்தில் அந்தப் பக்கம் ஆட்டோவே நுழைய முடியாது, கடையும் திறக்கவில்லை. போனிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு, எச்.எஃப். போர்டு போயிருக்கலாம், கொண்டுவந்து வையுங்கள், கூட்டம் குறைந்ததும் பார்க்கிறேன் என்று கன்னடத்தில் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்க்காமல் வேறு என்ன சொல்வார். ஆனால் திங்கட்கிழமைக்கு அது ஆகாது.

அன்று மாலை அவள் பழைய கார்மெண்ட்ஸ் அடையாள அட்டையைத் துணிப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் வெங்காயம் உரித்தேன்.

மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டேன். "அம்மிணி, மூடியத் தொறந்து உள்ள பாத்தியா?"

"தொறக்கோணும். ஆனா பிளக்கப் புடுங்கினதும் கை வெக்கக் கூடாதுங் அத்தை. கரண்டு உள்ளாற தங்கியிருக்கும்."

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சமையல் முடித்து, எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகுதான் ஸ்குரூவைக் கழற்றினாள். உள்ளே இருந்த தூசியைக் காற்றடித்து எடுத்தாள். இரண்டு சின்ன முனைகள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. பொறி பிறக்கும் இடம் அதுதானாம். கருத்திருந்ததை எமரி காகிதத்தால் தேய்த்து, இடைவெளியைப் பழையபடியே வைத்து மூடினாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. போட்டாள். உஸ் என்று வாயு வந்தது. நுனியில் பொறி மட்டும் விழவில்லை. ஆனால் கூடவே ஒரு சத்தம் கேட்டது.

நான் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் கொள்ளேகால் பக்கம் பட்டு நூல் முறுக்கும் மில்லில் இருந்தவள். நூல் சுற்றும் கதிர்கள் வரிசையாக ஓடும்போது எந்தக் கதிர் நொண்டுகிறது என்று எட்டி நின்றே காதால் கண்டுபிடிப்பேன். மேஸ்திரி என்னைத்தான் கூப்பிடுவார். இன்றைக்கும் என் காதில் குறை கிடையாது. அடுத்த வீட்டில் என்னைப் பற்றிப் பேசினால் கேட்கும்.

"மறுபடி அமுக்கு" என்றேன். அமுக்கினாள்.

"பொறி பொறக்குது அம்மிணி. சத்தம் கேக்குது, வறச்சட்டில கடுகு போட்டாப்புல. ஆனா டார்ச்சுல கேக்கல."

"உள்ளாற கேக்கும் அத்தை, அங்கதான பொறக்குது."

"உள்ளாற ஒண்ணு கேக்குது. வெளிய ஒண்ணு கேக்குது. மெஷினு மூஞ்சிகிட்ட."

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனாலும் பொத்தானை விட்டுவிட்டுப் போய் ஷட்டரை இறக்கினாள். கொட்டகை இருட்டானது. என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கையுறை போட்டுக்கொண்டு, டார்ச்சைத் தூர நீட்டிப் பிடித்து அமுக்கினாள்.

டார்ச் நுனியில் ஒன்றும் இல்லை. மெஷின் முகத்தில் ஒரு நீலக் கோடு ஓடியது. இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்கு, நெளிந்து நெளிந்து, சரியாக என் மகன் போட்ட பட்டையின் மேலேயே.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சேர்ந்துகொண்டேன். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. ராகி மில்காரர் என்ன ஆயிற்றோ என்று ஷட்டரைத் தட்டினார்.

வெளிச்சத்தில் பார்த்தபோது பட்டை வெள்ளையாகவே இல்லை. ஈயம்போல் சாம்பல் நிறமாக மினுங்கியது. மகனிடம் போனில் கேட்டோம்.

"திருநீற எதுல கொழைச்சீங்க?"

"தண்ணியிலயும் கொஞ்சம் எண்ணெயிலயும். ஏன்?"

"எண்ணெய் எதுக்கு?"

"பஸ்ஸு வேகமாப் போறப்ப காத்துல உதிரக்கூடாதில்ல? எல்லா டிரைவரும் அப்பிடித்தான் போடுவோம்."

"இந்த மெஷினு எந்த ரோட்டுல ஓடுதுன்னு எண்ணெய் போட்டீங்க?"

விஷயம் இதுதான். எண்ணெய்ப் பசையில் கிரைண்டர் தூசி வந்து ஒட்டியிருக்கிறது. தூசி என்றால் அத்தனையும் ஸ்டீல் பொடி. பொறிக்கு டார்ச் ஒயர் வழியாக அவ்வளவு தூரம் போய்த் தாவுவதைவிட, வாசலிலேயே போட்டு வைத்த இந்தப் பாதையில் நடந்து அடுத்த சாக்கெட்டுக்குப் போவது சுலபமாகிவிட்டது. வேலை செய்யச் செய்ய தூசி ஏறியது, ஏற ஏறப் பொறி குறைந்தது. மெஷின் ஆரம்பத்தில் எரிந்ததும் பிறகு நின்றதும் அதனால்தான். நாங்கள் அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆனால் சந்தேகப்படவில்லை. பூஜைப் பொட்டை யார் சந்தேகப்படுவார்கள்? அது தானாக அழியும்வரை யாரும் துடைப்பதும் இல்லை.

இப்போதும் அவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அத்தை, சாமிக்கு வெச்சது. தொடைக்கலாமுங்களா?"

இதை நான்தான் தீர்க்க வேண்டியிருந்தது. "நெத்தியில வெச்சத குளிக்கறப்ப கழுவாமயா இருக்கறோம்? தொடை. தொடைச்சுட்டு மண்டையில வெச்சுக்கலாம், கண்ணுல வேண்டாம்."

பிளக்கைப் பிடுங்கி, பழையபடி காத்திருந்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்தாள். என் சந்தனம் சீக்கிரம் விடவில்லை, நான் முன்பே சொன்னேன். எல்லாம் போன பிறகு அடியில் பென்சில் கீறல்போல் ஒரு கருப்புக் கோடு தெரிந்தது. நீலத் தீ ஓடிய தடம், பிளாஸ்டிக்கில் கருகியிருந்தது. அதை விட்டால் பொறி திரும்பவும் அதே தடத்தில் போகும் என்று பிளேடால் சுரண்டி, எமரி போட்டு, மறுபடி துடைத்துக் காயவிட்டாள். மெஷின் தலைமேல், ஓட்டையோ ஒயரோ இல்லாத இடத்தில், ஒரு சின்னக் குங்குமம் நான் வைத்தேன். தண்ணீரில் குழைத்ததுதான்.

பிறகு டார்ச்சை எடுத்தாள். முகமூடியை இறக்குவதற்கு முன் ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன், அந்த ஒளியைக் கண்ணால் பார்க்கக் கூடாது. உஸ் என்றது. சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. அதில் என் நிழலும் அவள் நிழலும் பெரிதாக விழுந்தன. அவள் கையை எடுக்கவே இல்லை. ஒரு ஓரம் முழுக்க ஒரே மூச்சில் ஒட்டி முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

மகன் மாலையில் வந்தபோது நேராகக் கொட்டகைக்கு வரவில்லை. சமையலறையில் எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தான். அவனாகத் தேங்காய் துருவி நான் பார்த்ததில்லை. மருமகள் உள்ளே வந்து, "ஏனுங், சீப் மெஷினு எரியுதுங். பட்டை போட்ட ஆளு வந்து பாக்கலாமாம்" என்றாள்.

"பக்தியில ஒரு கொறையும் இல்லையே?" என்றான்.

"பக்தி ஜாஸ்தியாப் போச்சு. அதான் பிராப்ளம்."

பெட்டி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. திங்கட்கிழமை மெஸ் அம்மா வந்தார். முதலில் உள்ளே கை விட்டு ஒவ்வொரு ஓரமாகத் தடவினார். இட்லித் தட்டு கழுவிப் பழகிய கை, ஒரு பிசிறு இருந்தாலும் மாட்டும். ஒன்றும் மாட்டவில்லை. பிறகு, "சோருத்தா நோடோணா" என்றார், ஒழுகுகிறதா பார்ப்போம் என்று. அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியின் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பச் சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் காபி கொடுத்தேன். இரண்டாவது காபியும் கொடுத்தேன். மருமகள் செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மூலை ஈரமாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தால் என் கையிலிருந்து சிந்திய காபி. தண்ணீரை மொண்டெடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார் அந்த அம்மா. மற்றபடி காகிதம் மொடமொடவென்று இருந்தது.

"இன்னொண்ணு இதே மாதிரி மாடி. அப்புறம் பாத்திரம் கழுவற தொட்டி" என்றார் பாதி கன்னடமும் பாதி தமிழுமாக, மாடி என்றால் செய்யுங்கள் என்று. சொல்லிவிட்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மதியம் கார்மெண்ட்ஸிலிருந்து போன் வந்தது. மருமகள் அப்போதும் கிரைண்டரும் கையுமாக இருந்தாள். அதை நிறுத்திவிட்டுப் பேசினாள். "வரலீங் மேடம். இங்க எனக்கு வேலை இருக்குதுங்." அவ்வளவுதான். போனைப் பையில் போட்டுக்கொண்டு கிரைண்டரை மறுபடி போட்டாள். நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன், தூசி படாத இடத்தில்.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் கைபேசியில் தட்டுகிறாள். இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் தமிழாக விழுகிறதாம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், அவ்வளவு சின்ன எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது.

"அஜ்ஜி, அப்பாவப் பத்தி எழுதினத தெகதுடட்டா? பாவம்" என்கிறாள். எடுத்துவிடட்டுமா என்று கேட்கிறாள்.

ஒரு எழுத்துகூட எடுக்கக் கூடாது. அவனும் கேட்கட்டும், கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான். முதலிலிருந்து வாசி கண்ணு, நிதானமாக வாசி.